அரியலூர் நிலத்தடியில் கடல் சிப்பி எப்படி வந்தது?

அரியலூர்ப் பக்கம் ஓடைக்கரையில் ஒரு கல்லைப் புரட்டிப் பாருங்கள். உள்ளே சிப்பி இருக்கலாம். கடலோ வெகுதூரம். யார் கொண்டுவந்து போட்டது?

யாருமில்லை. கடலே இங்கு வந்திருந்தது. பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் உலகெங்கும் கடல்மட்டம் உயர்ந்திருந்தது. இந்தப் பகுதியும் தாழ்ந்திருந்தது. செத்த உயிர்களின் ஓடுகள்மேல் சேறு படிந்து, இறுகி, கல்லானது.

இதைப் படித்தறிய 1850களின் பிற்பகுதியில் வந்தவர் பிளான்ஃபோர்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத்துறைக்காரர். துளைக்கும் எந்திரம் இல்லாமல் ஆழத்தை எப்படி அறிந்தார்?

வீட்டில் பழைய செய்தித்தாள் அடுக்கு சரிந்து கிடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தாளின் ஓரமும் வெளியே தெரியும். அடியில் இருப்பதே பழையது. இங்குள்ள பாறைகளும் கிழக்கே சரிந்தவை. மேற்கிலிருந்து கிழக்கே நடந்தாலே போதும், காலம் நகரும்!

ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று அடுக்குகளாகப் பிரித்து 1862இல் அறிக்கை வெளியிட்டார். இன்றும் அதே பெயர்கள்தான். எனக்கு இது பெரும் வியப்பு.

அடுக்குகளை அடையாளம் காட்டியவை அம்மோனைட்டுகள், சுருள் ஓட்டுக் கடலுயிரிகள். அடுக்குக்கு அடுக்கு அவற்றின் இனங்கள் மாறும். அவற்றைப் புதைபடிவ ஆய்வாளர் ஸ்டோலிச்கா படங்களுடன் விவரித்தார். அதே கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்தான் இன்று சிமெண்ட் ஆலைகளுக்குப் போகிறது.