துலாமரமும் பாரந்தூக்கியும்

ஏற்றம் இறைத்த காலத்தில், துலாமரத்தின்மேல் நின்றவன் கிணற்றுப் பக்கமாக நாலு அடி எடுத்து வைத்தால் சால் இறங்கும். திரும்பிப் பின்பக்கமாக நாலு அடி வைத்தால் நீர் நிறைந்த சால் மேலே வரும். அவன் எடை கூடவுமில்லை, குறையவுமில்லை. அச்சிலிருந்து அவன் நின்ற தூரம் ஒன்றுதான் மாறியது. எடையும் தூரமும் சேர்ந்தே பாரமாகின்றன என்ற அந்தத் தத்துவத்தின் மேல்தான், இன்று ஒரகடத்துக் கிடங்குகளிலும் தூத்துக்குடித் துறைமுகத்திலும் ஓயாமல் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் என்னும் பாரந்தூக்கியும் நிற்கிறது. அதை ஓட்டுகிறவரும், அதன் அருகே நடக்கிறவரும், அதற்குச் சொந்தக்காரரும் அந்தத் தத்துவத்தை உணர்ந்திருப்பதே பாதுகாப்பின் அஸ்திவாரம்.

சக்கரம் பூட்டிய தராசு

பார்வைக்கு இது மோட்டார் வண்டியைப் போலிருப்பதே முதல் மயக்கம். உண்மையில் இது சக்கரம் பூட்டிய தராசு: முன் அச்சு இதன் தாங்குபுள்ளி, முன்னால் நீளும் இரும்புக் கரங்களாகிய ஃபோர்க்கின்மேல் ஏறும் சரக்கு ஒரு தட்டு, வண்டியின் பின்புறத்தில் வைத்திருக்கும் கனத்த இரும்புப் பளு மறு தட்டு. யந்திரத்தில் பதித்த தகட்டில் ‘2,000 கிலோ, 500 மில்லிமீட்டர்’ என்றிருந்தால், சரக்கின் நடுப்புள்ளி ஃபோர்க்கின் அடிமுகத்திலிருந்து 50 சென்டிமீட்டருக்குள் இருக்கும்வரைதான் அந்த 2,000 கிலோ செல்லும் என்று பொருள். அடிமுகம் முன் அச்சிலிருந்து 40 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொண்டு, 140 சென்டிமீட்டர் நீளமுள்ள ஒரு பெட்டியை ஏற்றினால், அதன் நடுப்புள்ளி 70 சென்டிமீட்டருக்குப் போய்விடுகிறது. மொத்தத் தூரம் 90-லிருந்து 110 ஆகிறது. அதே யந்திரம் இப்போது தாங்குவது ஏறத்தாழ 1,640 கிலோதான். பெட்டியின் எடையை மட்டும் கேட்டு, அதன் நீளத்தைக் கேளாமல் தூக்குகிற ஆபரேட்டர் பாதிக் கணக்கோடு வேலை செய்கிறார்.

முன்பின்னாகச் சாய்வதைப் போலவே பக்கவாட்டில் சாய்வதும் உண்டு. பின் அச்சு அதன் நடுவில் மட்டுமே வண்டியோடு பிணைக்கப்பட்டிருப்பதால், நாலு சக்கரம் இருந்தும் இந்த யந்திரம் முக்காலியைப்போல்தான் நிற்கிறது. முன்சக்கரங்கள் இரண்டும், பின் அச்சின் நடுப்புள்ளியும் சேர்ந்த முக்கோணத்துக்குள் மொத்தப் பாரத்தின் மையம் இருக்கும்வரைதான் க்ஷேமம். சரக்கை உயர்த்த உயர்த்த அந்த மையமும் உயர்கிறது. உயர்த்தியபடியே திரும்பினால் அது முக்கோணத்தின் விளிம்பைத் தாண்டிவிடக்கூடும். சரக்கு இல்லாத வண்டியும் அபாயமற்றது அல்ல. அப்போது மையம் பின்னே, முக்கோணம் குறுகும் முனைக்கருகே ஒதுங்கியிருப்பதால், வேகமாகத் திரும்பும் வெறும் வண்டி எளிதில் கவிழ்ந்துவிடும்.

கண் மறைத்த சுமை

ஒரு கிடங்கில் நான் கண்ணால் கண்ட காட்சி இது. வாசலில் லாரி காத்திருந்தது. ஆபரேட்டரின் கண்ணை மறைக்கும் உயரத்துக்குப் பேலட்டில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. முன்னால் ஓர் இளைஞர், “வாங்கண்ணே, வாங்கண்ணே, இன்னும் வாங்க” என்று கையசைத்தபடி பின்னோக்கி நடந்துகொண்டிருந்தார். தூண் ஒன்று அவர் முதுகுக்குப் பின்னால் இருந்ததை அவரும் காணவில்லை, ஆபரேட்டரும் காணவில்லை. பக்கத்தில் நின்ற முதியவர் ஒருவர் “நிறுத்து!” என்று கூவியபோது, தூணுக்கும் சுமைக்கும் நடுவே அந்த இளைஞர் நிற்பதற்கு மட்டுமே இடம் மிஞ்சியிருந்தது.

சுமை கண்ணை மறைத்தால் வண்டியைப் பின்னோக்கி ஓட்ட வேண்டும் என்ற விதி இத்தகைய கணத்துக்காகவே பிறந்தது. ஃபோர்க்கைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் தூக்காமல், ஃபோர்க் ஏறியிறங்கும் கம்பமாகிய மாஸ்ட்டைச் சற்றே பின்னுக்குச் சாய்த்து ஓட்டுவதும், சரிவில் சரக்கோடு ஏறும்போதும் இறங்கும்போதும் சரக்கு எப்போதும் மேட்டுப்பக்கமே இருக்கும்படி செய்வதும், சரிவின் நடுவில் திருப்பாமலிருப்பதும் அந்தத் தராசின் கணக்கிலிருந்து தாமாகவே விளைகிற நியதிகள். திரும்புவது பின்சக்கரங்களாதலால், மூலை திரும்பும்போது வண்டியின் வால்புறம் எதிர்ப்பக்கம் வீசும். பக்கத்தில் நடப்பவர் அந்த வீச்சுக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும். உயர்ந்திருக்கும் ஃபோர்க்கின் கீழே எக்காரணத்தாலும் யாரும் நடக்கலாகாது; வெறும் பேலட்டில் மனிதரை ஏற்றி உயர்த்தவும் கூடாது.

இத்தனையும் மீறி வண்டி கவிழத் தொடங்கினால், குதித்துத் தப்புவோம் என்றுதான் மனம் துடிக்கும். குதித்தவர்மேல் தலைக்குமேலிருக்கும் இரும்புக் கூண்டே விழுந்து நசுக்குகிறது. உட்கார்ந்து ஓட்டும் வண்டியில் சீட் பெல்ட்டோடு இருந்து, ஸ்டியரிங்கை இறுகப் பற்றி, காலை ஊன்றி, கவிழும் திசைக்கு எதிர்ப்புறமாகச் சாய்வதே பிராணனைக் காக்கும் உபாயம். இயல்புணர்ச்சிக்கு விரோதமான இந்தக் காரியத்தை அந்த நொடியில் யோசித்துச் செய்ய இயலாது. முன்கூட்டியே பழகியிருக்க வேண்டும்.

பொறுப்பு யாருடையது?

ஷிஃப்ட் தொடங்குமுன் பிரேக், ஹாரன், டயர், சங்கிலி, ஆயில் கசிவு இவற்றைப் பார்ப்பது ஆபரேட்டரின் கடமை. ஃபோர்க்கின் முழங்கைபோல் மடங்கும் இடத்தில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்தாலே அதைக் கழித்துவிட வேண்டும். 40 மில்லிமீட்டர் கனம் 36-க்கு வந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. ஆனால் தேய்ந்ததென்று அவர் சொன்னால், மாற்றித் தருவது முதலாளியின் கடமை. தொழிற்சாலைகள் சட்டத்தில் 1987-ல் சேர்க்கப்பட்ட 7-ஏ பிரிவு, தொழிலாளருக்கு வேண்டிய பயிற்சியையும் மேற்பார்வையையும் தொழிற்சாலைப் பொறுப்பாளர் தலையிலேயே வைத்தது. அமெரிக்க விதியோ, ஒவ்வோர் ஆபரேட்டரின் திறமையையும் மூன்றாண்டுக்கு ஒருமுறையேனும் சோதிக்கவும், விபத்து நேர்ந்தாலும் மயிரிழையில் தப்பினாலும் மறுபடி பயிற்சி தரவும் கட்டளையிடுகிறது. நடைபாதைக்கு மஞ்சள் கோடும், மூலைக்குக் குவிகண்ணாடியும், குழியில்லாத தரையும் செய்து கொடுப்பதும் அதே கடமையின் அங்கங்கள்.

அன்று அந்த இளைஞரைத் தூணுக்கு முன்னே நிறுத்தியது அறியாமை மட்டுமல்ல. வாசலில் நின்ற லாரியும்தான். சாவதானமாகத் தூக்கி, நிதானமாக ஓட்டுவதற்கு வேண்டிய நேரத்தைத் தருவதற்கு எந்தச் சட்டமும் கை நீட்டி வர முடியாது. “லாரி நிற்கட்டும், நீ பின்னோக்கியே வா” என்று சொல்லும் மேற்பார்வையாளர் ஒருவர் அங்கே இருந்தாக வேண்டும்.