வரலாற்று மர்ம நாவலும் தியூடர் அரசவையும்

மர்ம நாவலின் உயிர்நிலை முடிவை மறைத்தலாகும். வரலாற்று நாவலிலோ முடிவு முன்னரே வெளிப்பட்டுக் கிடக்கின்றது. இவ்விரண்டும் ஒரு நூலில் இணைதல் எங்ஙனம்? சீ. ஜே. சன்சம் 2014ஆம் ஆண்டில் வெளியிட்ட 'லமென்ரேசன்' என்னும் ஆங்கில நாவல் இவ்வினாவுக்குத் தக்கதொரு விடை பகர்கின்றது.

கதை நிகழுங் காலம் 1546ஆம் ஆண்டின் கோடை. எட்டாம் ஹென்றி மன்னன் நோயுற்றுத் தளர்ந்திருந்தான். அவனுக்குப்பின் சிறுவனாகிய இளவரசன் பெயரால் ஆட்சி நடாத்துவோர் யாவர் என்பதே அரசவையில் மூண்ட போட்டியாகும். பழைய சமய மரபைப் பேணியோர் ஒருபாலும், சீர்திருத்தத்தை விழைந்தோர் மற்றொருபாலுமாக அவை பிளவுண்டது. ஆன் அஸ்கியூ என்னும் மாது, நற்கருணை பற்றிய தன் கொள்கையைக் கைவிட மறுத்தமையால், யூலை 16ஆம் நாள் உயிருடன் எரிக்கப்பட்டாள். அதற்குமுன் இலண்டன் கோபுரத்தில் அவளை வதைத்தோர், அரசி கதரின் பாரைச் சூழ்ந்திருந்த சீமாட்டிகளுள் அவளுக்குத் துணைநின்றோர் யாவரென்றே வினவினர். குறி அரசியே என்பது இதனாற் புலனாகும்.

அவ்வரசி எழுதிய 'ஒரு பாவியின் புலம்பல்' என்னும் சமயநூல், மன்னன் இறந்தபின்னரே, 1547இல், அச்சேறியது. அவன் வாழ்நாளில் அஃது வெளிவராமையே நாவலாசிரியர் கண்ட இடைவெளி. அதன் கையெழுத்துப் பிரதி களவுபோயிருப்பின் யாதாகும்? கொலையுண்ட அச்சகத்தானொருவன் கையில் அதன் கிழிந்த தாளொன்று காணப்படின் யாதாகும்? களவும் கொலையும் கற்பனை. அரசியைச் சூழ்ந்த அச்சமோ மெய். இம்மர்மத்தைத் துலக்கும் பணி, கூனல் முதுகுடைய வழக்கறிஞன் மத்தேயு சார்ட்லேக்கின்பாற் சேர்கின்றது.

அரசி உயிர்தப்பினாள் என்பதை வாசகர் அறிவர். ஆயின் அச்சகத்தானுக்கும், ஏவலாளனுக்கும், வழக்கறிஞனுக்கும் நேர்ந்தது யாதென வரலாறு கூறவில்லை. அவர்கள் ஆசிரியரின் படைப்புக்கள். ஆதலின் அவர்தம் முடிவு இறுதிவரை மறைந்தே நிற்கின்றது. மன்னர் கதை தெரிந்திருக்க, மாந்தர் கதை தெரியாதிருத்தலே இத்தகைய நாவலின் ஆற்றலாகும்.

இதனால் ஆசிரியர்க்கு ஒரு கடப்பாடும் உண்டு. வரலாறு பேசுமிடத்து அதனை மாற்றலாகாது. அது மௌனஞ் சாதிக்குமிடத்தும் அக்காலத்து நிகழ்ந்திருக்கக்கூடியதையே புனைதல் வேண்டும். சன்சம் வரலாற்றிற் கலாநிதிப் பட்டம் பெற்று, வழக்கறிஞராகவும் தொழில்புரிந்தவர். பெரியோர் பகையிற் சிறியோர் செலுத்தும் விலையை அவரது நாவல் உணர்த்துகின்றது. வரலாற்றேடுகள் பெரிதும் எழுதாது விட்ட பகுதி அதுவேயாகும்.