களை எடுக்கும் மெஷினுக்குக் கை வைத்தியம்!

சமையல் குறிப்பு, கோலம், பாட்டி வைத்தியம் என்று எத்தனையோ எழுதுகிறோம். நான் எழுதப் போவது, பெட்ரோல் வாசனை அடிக்கும் விஷயம். முகம் சுளிக்காமல் படியுங்கள்.

எங்கள் ஊர் திருமுக்கூடல். பாலாறும், செய்யாறும், வேகவதியும் கூடும் இடம். முன்பெல்லாம் களை எடுக்க ஆள் கூப்பிட்டால், பத்துப் பேர் வருவார்கள். இப்போது, விடியற்காலையிலேயே ஒரகடம் கம்பெனி பஸ் வந்து, ஆட்களை அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. அதனால், தள்ளிக்கொண்டு போகும் பவர் வீடர், தோளில் மாட்டும் புல் வெட்டும் மெஷின், முதுகில் சுமக்கும் பவர் ஸ்ப்ரேயர் எல்லாம் தெருவுக்குத் தெரு வந்துவிட்டன. 2014-15ல் ஆரம்பித்த வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில், சிறு, குறு விவசாயிகளுக்கும், பெண்களுக்கும் பாதி விலை வரை மானியம் உண்டு. மெஷின் வாங்குவது அக்கா பெயரில். அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கடைக்காரர் சொல்லிக் கொடுப்பதோ, பக்கத்தில் நிற்கும் தம்பியிடம்!

எங்கள் தெருவில் ஒரு அக்கா. கணவர் இறந்து நாலு வருஷம் ஆகிறது. அறுபது சென்ட் நிலத்தில் கத்திரியும், வெண்டையும் போட்டு, இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார். அவருடைய பவர் வீடர், பத்து நிமிஷம் ஓடும், நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டு இழுத்தால், மறுபடி பத்து நிமிஷம். மெக்கானிக் ஒருவர், "கார்புரேட்டர் போச்சு, மாத்தணும், ரெண்டாயிரம் ஆகும்" என்று சொல்லிவிட்டார். ஐப்பசி மழையில், கத்திரிச் செடியை விடப் புல் உயரமாக நிற்கிறது. பழைய இரும்புக்காரர் வேறு, எடைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் பத்தாவது வரைதான் படித்தேன். ஆனால், என் அண்ணன் டூ வீலர் ஒர்க் ஷாப் வைத்திருந்ததால், பிளக், கார்புரேட்டர் எல்லாம் சின்ன வயதிலேயே பழக்கம். அக்காவிடம், "மெஷின் நின்னதும், பெட்ரோல் டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்திட்டு, உடனே இழுத்துப் பாருங்கக்கா" என்றேன். ஒரே இழுப்பில் ஓடியது! மூடியில், காற்று போக ஊசிமுனை அளவு ஓட்டை ஒன்று உண்டு. அதில் சேறு அடைத்திருந்தது. பெட்ரோல் இறங்க இறங்க, டேங்கிற்குள் காற்று வர வேண்டும். வராவிட்டால், பெட்ரோல் இறங்காது. அவ்வளவுதான். மூடியைக் கழுவிக் காய வைத்து மாட்டினோம். அன்று சாயங்காலத்துக்குள், அக்கா பாதி நிலத்துக்குக் களை ஓட்டிவிட்டார்.

இப்படி, சின்னக் காரணத்துக்காக எத்தனை மெஷின்கள் சாக்கு மூடிக் கிடக்கின்றனவோ! இந்த இன்ஜின்களுக்கு, காற்று, பெட்ரோல், பிளக்கில் நெருப்புப் பொறி, உள்ளே நல்ல அழுத்தம், இவ்வளவுதான் வேண்டும். கயிறு இழுக்கும்போது கைக்கு இறுக்கம் தெரிந்தால், அழுத்தம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை ஈரமாக, பெட்ரோல் சொட்டினால், சோக் போட்டபடியே அதிக முறை இழுத்திருக்கிறார்கள்; துடைத்துக் காய வைத்தால் போதும். காய்ந்தே இருந்தால், பெட்ரோல் வந்து சேரவில்லை. கரி படிந்திருந்தால், பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கலாம். வெளிர் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால், இன்ஜின் சுகமாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஏர் ஃபில்டரைப் பெரும்பாலும் யாரும் திறப்பதே இல்லை. அது ஸ்பாஞ்சாக இருந்தால், சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் காய வைத்து, இரண்டு சொட்டு இன்ஜின் ஆயில் விட்டு அழுத்திவிட்டு மாட்டுங்கள். காகித ஃபில்டரைக் கழுவக்கூடாது. தட்டி எடுப்பதோடு சரி.

பெரிய வில்லன், பழைய பெட்ரோல்தான். மூன்று, நாலு மாதம் டேங்கில் கிடந்தால், பிசின் மாதிரி ஆகிக் கார்புரேட்டரை அடைத்துவிடும். இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில், 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால், ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகமானால், பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். அதனால், சீசன் முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மெஷின் தானாக நிற்கும் வரை ஓட விட்டு, அப்புறம் மூடி வையுங்கள். எங்கள் வீட்டு ஸ்ப்ரேயர், ஒன்பது வருஷமாக இப்படித்தான் தை மாதத்தில் தூங்கப் போகிறது.

கார்புரேட்டர் அடைத்துக்கொண்டால், அடியில் உள்ள கிண்ணத்தைக் கழற்றினால், பித்தளை ஜெட் தெரியும். அதன் ஓட்டை, பட்டு இழை நுழையும் அளவுதான். குண்டூசி போட்டுக் குத்தாதீர்கள். ஓட்டை பெரிதாகி, பெட்ரோல் குடித்துத் தள்ளும். பழைய ஒயரில் இருந்து ஒரே ஒரு செம்பு இழையை உருவி, மெல்ல விட்டு எடுத்து, சைக்கிள் பம்பால் காற்று அடியுங்கள். நான் தறி வீட்டில் பிறந்தவள். பாவில் அறுந்த இழையைப் பிணைத்துப் பழகிய கைக்கு, இது பெரிய வேலையே இல்லை. சொல்லப் போனால், தடித்த விரல் உள்ள ஆண்களை விட, நமக்குத்தான் இது நன்றாக வரும்!

ஒரு முக்கியமான விஷயம். புல் வெட்டும் மெஷினில் பல, டூ ஸ்ட்ரோக். அதற்குப் பெட்ரோலோடு 2டி ஆயில் கலக்க வேண்டும். லிட்டருக்கு 20 மில்லி சில மெஷினுக்கு, 40 மில்லி சிலவற்றுக்கு. கூட வந்த புத்தகத்தில் இருக்கும். வெறும் பெட்ரோல் ஊற்றினால், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பிறகு மெஷின் விலையில் பாதி செலவு. ஃபோர் ஸ்ட்ரோக்குக்கு ஆயில் தனி. பெட்ரோலில் கலக்கக் கூடாது.

என் மாமியார், "பொம்பளைக்கு எதுக்குடி இந்த எண்ணெய்க் கை?" என்பார். எங்கள் ஊர் பெருமாள் கோவில் கல்வெட்டில், வீரராஜேந்திர சோழன் காலத்தில், அதாவது 11-ஆம் நூற்றாண்டில், இங்கே 15 படுக்கை கொண்ட ஆஸ்பத்திரி நடந்ததாக இருக்கிறது. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்களும் வேலையில் இருந்தார்களாம். "அந்த ஊர்க்காரி மெஷினுக்கு வைத்தியம் பார்த்தா என்ன அத்தை?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

பயமும் வேண்டும், சகோதரிகளே. சமையலறையிலோ, விளக்கு எரியும் இடத்திலோ இதைப் பிரிக்காதீர்கள். பெட்ரோல் ஆவி, தரையோடு ஊர்ந்து போய் அடுப்பில் பற்றும். மூடிய அறைக்குள் ஓட்டிப் பார்க்கக் கூடாது. புகையில் உள்ள விஷ வாயுவுக்கு மணமே கிடையாது. பிளேடு பக்கம் கை வைக்கும் முன், பிளக் கேப்பைப் பிடுங்கிவிடுங்கள். வயலில் இறங்கும்போது முந்தானையை இறுக்கிச் செருகி, மேலே ஒரு முழுக்கைச் சட்டை போடுங்கள். சுழலும் கத்தி, சேலை நுனியைப் பிடித்தால், ஆளையே இழுத்துவிடும்.

கயிறு சுற்றும் ஸ்பிரிங், பிஸ்டன், கியர் பெட்டி, இவற்றை மட்டும் மெக்கானிக்கிடம் விடுங்கள். ஸ்பிரிங் தெறித்தால், கண்ணைப் பதம் பார்க்கும். கொடுக்கும்போதே என்ன செலவு என்று கேளுங்கள். மாற்றிய பழைய பாகத்தை, மறக்காமல் திருப்பி வாங்குங்கள்.

வேளாண்மைப் பொறியியல் துறைக்கு ஒரு வேண்டுகோள்: மானிய மெஷின் கொடுக்கும் அன்றே, எந்தப் பெண் பெயரில் கொடுக்கிறீர்களோ, அவரையே உட்கார வைத்து, பிளக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். அரை மணி நேரம்தான் ஆகும்.

— ஒரு வாசகி, திருமுக்கூடல்.