தங்கக் கோட்டையில் தண்ணீர்க் கண்டம்

எட்டரை நூற்றாண்டுகளாகப் புழுதிப் புயலுக்கும் படையெடுப்புக்கும் ஈடுகொடுத்த ஜெய்சல்மேர் கோட்டை, இன்று வீட்டுக் குழாய்களில் வழியும் தண்ணீரிடம் தடுமாறுகிறது.

காலை வெயில் ஏறியதும் திரிகூட மலை பொன்னிறமாகிவிடுகிறது. மஞ்சள் மணற்கல்லில் எழுந்த மதில்களும் 99 கொத்தளங்களும் பாலைவனச் சமவெளிக்கு மேலே தகதகவென்று நிற்கின்றன. சத்யஜித் ராய் 1974இல் எடுத்த 'சோனார் கெல்லா' (தங்கக் கோட்டை) படம் இந்தக் காட்சியை வங்காளிகளின் மனதில் பதித்தது. இன்றும் பூஜை விடுமுறை வந்தால் கொல்கத்தாவிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கிளம்பி வருகிறார்கள். மேலே அண்ணாந்து பார்ப்பவர்கள் அதிகம்; மதிலின் அடிப்பகுதியில் படர்ந்திருக்கும் ஈரக் கறையைக் கவனிப்பவர்கள் குறைவு. கோட்டையின் கண்டம் அந்தக் கறையில்தான் இருக்கிறது.

பட்டி ராஜபுத்திர அரசர் ராவல் ஜெய்சல் 1156இல் எழுப்பிய கோட்டை இது. நாட்டின் பெரும்பாலான கோட்டைகளில் மாலையானால் காவலாளி கதவைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். இங்கே அப்படிப் பூட்ட முடியாது. உள்ளே ஆயிரக்கணக்கானோர் குடியிருக்கிறார்கள். அரண்மனைக்கும் சமணக் கோயில்களுக்கும் இடையே குறுகிய சந்துகளில் வீடுகள், கொடியில் காயும் துணிகள், வழிமறிக்கும் மாடுகள். பிராமணக் குடும்பங்களும் ராஜபுத்திரக் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்கின்றன.

ஆண்டுக்கு 20 சென்டிமீட்டர் மழைகூடப் பெய்யாத ஊர். ஊருக்கு வெளியே உள்ள கடீசர் ஏரியிலிருந்து பெண்கள் தலையில் சுமந்து வந்த தண்ணீரில்தான் ஒரு காலத்தில் கோட்டைக்குள் சமையலும் குளியலும் நடந்தன. குடம் தூக்கி மலை ஏறியவர்களுக்கு ஒரு சொம்பு நீரின் விலை தெரியும். கழிவுநீர் என்று பெரிதாக எதுவும் மிஞ்சவில்லை. இருந்த கொஞ்சமும் திறந்த வாய்க்காலில் ஓடி வெயிலில் காய்ந்தது. அந்தக் கணக்கை வைத்துத்தான் முன்னோர் கட்டினார்கள். பெரும் பகுதிச் சுவர்களில் கல்லோடு கல்லைப் பொருத்தினார்கள். கூரை மேல் மண்ணைப் பரப்பினார்கள்.

குழாய் வந்ததும் கணக்கு மாறியது. குளியலறையும் தண்ணீர் ஊற்றும் கழிவறையும் வந்தன. பிறகு வீடுகள் சில விருந்தினர் விடுதிகளாயின. அறைக்கு அறை ஷவர் வந்தது. தண்ணீர்ச் செலவு பல மடங்கு பெருகியது. அத்தனையும் வெளியேற முறையான வழி இருக்கவில்லை. ஒழுகிய நீர் மலைக்குள் இறங்கியது. மலையோ கெட்டிப் பாறை அல்ல. மணற்கல் அடுக்குகளுக்கு நடுவே களிமண் பாங்கான அடுக்குகள் கிடக்கின்றன. ஈரம் பட்டால் அவை இளகும், வழுக்கும். மேலே நிற்கும் சுவர் மெல்ல நகரத் தொடங்கும்.

பலன் வெளிப்பட நெடுங்காலம் ஆகவில்லை. 1998இல் வெளிமதில் சரிந்து ஆறு பேர் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்த ஆண்டுகளிலும் கொத்தளங்கள் சரிந்தன. 2001 ஜனவரியில் குஜராத்தை உலுக்கிய பூகம்பம் இங்கும் கட்டடங்களில் விரிசலை உண்டாக்கியது. 2024 ஆகஸ்டில் கனமழை கொட்டியபோது மதிலின் ஒரு பகுதி மீண்டும் சாலைப் பக்கமாகச் சரிந்தது.

சுற்றுலாவை மட்டும் குற்றம் சொல்வது எளிது. ஆனால் ஊரைக் காப்பாற்றியதும் அதுதான். ஒட்டக வணிகத்தில் செழித்த ஜெய்சல்மேர், பம்பாய்த் துறைமுகம் வளர்ந்ததும் வாடியது. 1947இல் சிந்து பக்கத்து வழிகளும் அடைபட்டன. இளைஞர்கள் ஊரை விட்டுப் போனார்கள். 1965, 1971 போர்களுக்குப் பிறகு எல்லைப் பாதுகாப்புக்காகச் சாலையும் ரயிலும் ராணுவமும் வந்தன. பின்னாலேயே சுற்றுலாப் பயணிகள் வந்தார்கள். மதிலுக்கு வெளியே நகரம் விரிந்தது. 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 65 ஆயிரத்தைத் தாண்டியது. சுற்றுவட்டார மணல்வெளியில் இப்போது காற்றாலைகள் சுழல்கின்றன.

காப்பாற்றும் முயற்சிகளுக்கும் குறைவில்லை. உலக நினைவுச்சின்ன நிதியம் 1996இலேயே ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் கோட்டையைச் சேர்த்தது. பாழடைந்து கிடந்த ராணி மகால் அதன் உதவியோடு சீரமைக்கப்பட்டது. பிரிட்டனில் தொடங்கிய ஓர் அறக்கட்டளையும் இன்டாக் அமைப்பும் தெருக்களையும் வீட்டு முகப்புகளையும் சரிசெய்வதில் இறங்கின. 2013இல் ராஜஸ்தானின் ஆறு மலைக்கோட்டைகளில் ஒன்றாக இதற்கு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது.

தகுதி வந்தாலும் கேள்வி தீரவில்லை. மக்களை வெளியேற்றிவிட்டால் மலை காயும் என்பது ஒரு வாதம். மக்கள் போனால் மிஞ்சுவது வெறும் கல்தான் என்பது எதிர்வாதம். நடுவில் நிற்கிறது சட்டம். தொல்பொருள் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது. பழுது பார்க்கவும் அனுமதி வேண்டும் என்கிறது 2010ஆம் ஆண்டுத் திருத்தம். ஒழுகும் கூரையை உடனே மாற்ற நினைக்கும் குடும்பத்துக்கு இது தலைவலி. அனுமதிக்குக் காத்திருந்தால் சுவர் நனைகிறது. காத்திராமல் சிமென்ட் பூசினால் மணற்கல் மூச்சுத் திணறி உதிர்கிறது.

வீடுகள் காலியானால் கல்லோடு போகாது இழப்பு. மாங்கணியார் பாடகர்களைப் பாருங்கள். இவர்கள் முஸ்லிம்கள், இவர்களை ஆதரிக்கும் குடும்பங்களில் பெரும்பாலானவை இந்து ராஜபுத்திரக் குடும்பங்கள். குழந்தை பிறந்தால், கல்யாணம் நடந்தால், மாங்கணியார் வந்து அந்த வீட்டு வம்சாவளியைப் பாட வேண்டும். ஆட்டுத் தோல் போர்த்திய கமாய்ச்சாவை வில்லால் மீட்டி, கண்ணனையும் சூஃபி ஞானிகளையும் ஒரே மூச்சில் பாடுவார்கள். நாட்டுப்புறக் கலை ஆய்வாளர் கோமல் கோத்தாரி இவர்களை வெளிநாட்டு மேடைகளுக்கு அழைத்துச் சென்றார். ஹமீரா கிராமத்து கமாய்ச்சா மேதை சாகர் கான் 2012இல் பத்மஸ்ரீ பெற்றார். அடுத்த ஆண்டே மறைந்தார்.

மேடை பணத்தையும் பெயரையும் தந்தது. ஆனால் ஹோட்டல் மொட்டை மாடியில் அரை மணி நேரம் கேட்கும் பயணிக்கு நாலைந்து பாட்டு போதும். ஒரு குடும்பத்தின் பத்துத் தலைமுறைப் பெயர்களைக் கேட்க அந்தக் குடும்பம்தான் வேண்டும். கோட்டைச் சந்திலோ கிராமத்திலோ அந்த வீடு பூட்டிக் கிடந்தால் அந்தப் பாட்டுக்கு வேலை இல்லை.

ஆக, செய்ய வேண்டியது கவர்ச்சியில்லாத வேலை: ஒழுகாத குழாய், மலைக்குள் இறங்காத சாக்கடை, கோட்டைக்குள் தங்கும் அறைகளுக்கு ஒரு வரம்பு, கல் வேலை தெரிந்த சிலாவட் தச்சர்களைக் கொண்டு பழுது பார்க்க விரைவான அனுமதி. திறப்பு விழாவுக்கு ரிப்பன் கட்ட இவற்றில் எதுவும் உதவாது. மதிலைத் தாங்கப்போவது என்னவோ இவைதான்.