மழையில் வென்ற பந்தய மோட்டாரும் தைப்பிங் சாலையும்

தைப்பிங்கில் இன்று மழை எத்தனை மணிக்கு வரும் என்று அந்தக் காலத்தில் பணம் வைத்துப் பந்தயம் கட்டுவார்களாம். நம்பக்கூடிய கதைதான். மலையடிவாரத்தில் இருக்கும் இந்தப் பட்டணத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. தீபகற்ப மலேசியாவிலேயே அதிக மழை பெறும் பட்டணம் என்ற பெயர் அதற்கு நெடுநாளாக உண்டு. பிற்பகலில் புக்கிட் லாருட் கறுத்தால், கமுந்திங்கிலிருந்தும் சிம்பாங்கிலிருந்தும் வேலை முடிந்து மோட்டாரில் வீடு திரும்புகிறவர்கள் மழைக்கோட்டைத் தேடத் தொடங்குவார்கள்.

அந்த மோட்டார்களில் சில பந்தய மோட்டாரைப் போல மாற்றி அமைக்கப்பட்டவை. ஒல்லியான டயர், கழற்றிப்போட்ட மட்கார்ட், கறுப்புச் சாயம் பூசிய பின்விளக்கு, தெருவையே எழுப்பும் எக்சோஸ். பார்க்க எடுப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மையான பந்தய மோட்டார் மழையில் எப்படி ஓடுகிறது என்று தெரிந்துகொண்டால், இவற்றில் பல அதற்கு நேர் எதிரானவை என்பது புரியும்.

மழைப் பந்தயத்துக்கு உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. பேராக், கம்போங் காஜாவைச் சேர்ந்த கைருல் இடாம் பவி, 2016 ஏப்ரலில் அர்ஜெண்டினாவில் நடந்த மோட்டோ3 பந்தயத்தில் வென்று, உலக கிராண்ட் பிரீ மோட்டார் பந்தயத்தில் வெற்றி பெற்ற முதல் மலேசியர் ஆனார். அன்று தடம் ஈரமாக இருந்தது. அப்போது அவருக்கு வயது 17. இரண்டாவதாக வந்தவரை 26 வினாடிகள் பின்தள்ளியிருந்தார். மோட்டோ3-இல் வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் ஒரு வினாடியின் பின்னங்களே முடிவு செய்யும். அதே ஆண்டு ஜூலையில் ஜெர்மனியின் சாக்சன்ரிங் தடத்தில், மழையில், பின்தங்கிய இடத்திலிருந்து புறப்பட்டு மறுபடியும் வென்றார். இந்த முறை 11 வினாடி இடைவெளி. அவருக்கு முன்பே, 2012-இல் சிப்பாங்கில் கொட்டும் மழையில் நடந்த மோட்டோ2 பந்தயத்தில், சிறப்பு அனுமதியில் கலந்துகொண்ட ஹஃபிஸ் ஷாரின் முன்னணியில் ஓடி நான்காவதாக வந்தார்.

மலேசியர்கள் மழையில் வளர்ந்தவர்கள், அதனால்தான் வென்றார்கள் என்று சொல்லிவிடலாம். ஓரளவுக்கு அது சரியாகவும் இருக்கலாம். என்றாலும் அவர்களுக்குக் கீழே இருந்த டயரையும் கவனிக்க வேண்டும்.

வெயில் நாளில் பந்தய மோட்டாருக்கு மாட்டுவது 'ஸ்லிக்' எனப்படும் வழவழப்பான டயர். அதில் கோடோ பள்ளமோ இருக்காது. ரப்பர் முழுவதும் தடத்தைத் தொட்டால் பிடிப்பு கூடும் என்பதே காரணம். மோட்டோ ஜிபி வீரர்கள் 60 பாகைக்கும் மேல் சாய்ந்து, முழங்கையே தரையில் உரசும்படி வளைவில் திரும்புவது இந்த டயரை நம்பித்தான். ஆனால் அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. டயர் சூடாக இருக்க வேண்டும். தடம் காய்ந்திருக்க வேண்டும். பந்தயம் தொடங்கும்முன் டயருக்கு மின்போர்வை சுற்றிச் சூடேற்றுவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். குளிர்ந்த ஸ்லிக் டயர் உலக வீரரையே கீழே தள்ளிவிடும்.

மழை வந்துவிட்டால் ஸ்லிக் டயரைக் கழற்றிவிடுவார்கள். மாற்றாக வருவது மழை டயர். அதன் ரப்பர் மிகவும் மிருதுவானது, குறைந்த வெப்பத்திலேயே ஒட்டிக்கொள்ளும். மேற்பரப்பு முழுவதும் ஆழமான பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். தடத்தில் நிற்கும் தண்ணீர் அந்தப் பள்ளங்களின் வழியே ஓரத்துக்கு வெளியேறும். அப்படி வெளியேற வழியில்லாவிட்டால் தண்ணீர் டயருக்கும் தடத்துக்கும் இடையில் ஒரு படலமாகத் தங்கி, சக்கரத்தையே தூக்கிவிடும். அந்த நேரத்தில் ஹேண்டிலைத் திருப்பினாலும் பிரேக்கைப் பிடித்தாலும் மோட்டார் கேட்காது. இதே மழை டயரைக் காய்ந்த தடத்தில் ஓட்டினால் சில சுற்றுகளிலேயே உரிந்துபோகும். ஒவ்வொரு டயருக்கும் ஒரு வேலைதான்.

இப்போது தைப்பிங் சாலைக்கு வருவோம். நம் இளைஞர்கள் விரும்பும் யமாஹா ஒய்15இசட்ஆர் மோட்டாருக்குத் தொழிற்சாலை கொடுப்பது முன்னால் 90/80, பின்னால் 120/70 அளவுள்ள 17 அங்குல டயர்கள். முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில். இரண்டாவது, அந்த அகலத்தில் எத்தனை விழுக்காடு உயரம் என்பது. இதைக் கழற்றிவிட்டு 60 மில்லிமீட்டர் டயர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எடை குறையும், நேர்கோட்டில் விரைவாகப் பாயும் என்பது அவர்கள் கணக்கு. ஒல்லி டயர் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு போகும் என்றும் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பிரேக் பிடிக்கும்போது மோட்டாரின் பாரத்தில் பெரும்பகுதி முன்சக்கரத்தில் வந்து விழுகிறது. ஓட்டுநர், பின்னால் ஒருவர், சந்தைச் சாமான் எல்லாவற்றையும் தாங்க அந்த டயர் செய்யப்படவில்லை. அகலமான ரிம்மில் அதை இழுத்து மாட்டினால் டயரின் வடிவமும் கெட்டுவிடும், வளைவில் சாய்வதற்கு ரப்பர் மிஞ்சாது.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் ஒரு வினாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். முன்னால் போகும் கார் திடீரென நிற்பதைக் கண்டு விரல் பிரேக்கைத் தொடுவதற்கே அந்த ஒரு வினாடி ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு நல்ல டயராக இருந்தால் காய்ந்த சாலையில் சுமார் 20 மீட்டர், ஈரச் சாலையில் சுமார் 30 மீட்டர் தேவைப்படும். தேய்ந்த டயர் என்றால் கணக்கே வேறு. அதிலும் மழையின் முதல் சில நிமிடங்கள் மோசமானவை. சாலையில் படிந்த எண்ணெயும் தூசும் கழுவிப் போகும்வரை வழுக்கல் கடுமையாக இருக்கும். வெள்ளைக் கோடுகளும் இரும்பு மூடிகளும் எப்போதுமே வழுக்கும்.

பந்தய வீரர் மழையில் முன்கூட்டியே பிரேக் பிடிப்பார், மோட்டாரை நிமிர்த்தி வைத்தே பிடிப்பார், சாய்வைக் குறைப்பார், முறுக்கும் கையை மெதுவாகத் திறப்பார். ஹஃபிஸ் சிப்பாங்கில் ஓட்டிய காலத்தில் மோட்டோ2 மோட்டார்களில் சக்கரம் சுழன்று வழுக்குவதைத் தடுக்கும் மின்னணுக் கருவி கிடையாது. எல்லாம் வலது மணிக்கட்டில் இருந்தது.

பிரேக் விஷயத்தில் ஒன்று பலரைக் குழப்பும். சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ், மோட்டோ ஜிபி பந்தயத்தில் தடை செய்யப்பட்டது. அப்படியானால் வீட்டு மோட்டாருக்கு எதற்கு? பந்தயத் தடத்தில் எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். எதிரே லாரி வராது. தவறினால் விழுவதற்குச் சரளைப் பரப்பு இருக்கிறது, ஓடிவர மருத்துவக் குழு இருக்கிறது. சாலையில் இவை எதுவும் இல்லை. ஏபிஎஸ் உள்ள மோட்டாரில், சக்கரம் நின்றுபோகப் போகிறது என்பதை ஓர் உணர்கருவி கண்டுபிடித்து, பிரேக்கை ஒரு வினாடிக்குள் பலமுறை விட்டுவிட்டுப் பிடிக்கும். ஈரச் சாலையில் பயந்துபோய்ப் பிரேக்கை அழுத்துகிறவருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. 2025 ஜனவரி முதல் 150 சிசியும் அதற்கு மேலும் உள்ள புதிய மோட்டார்களுக்கு அரசாங்கம் இதைக் கட்டாயமாக்கியிருக்கிறது. நம் குடும்பங்களில் அதிகம் ஓடும் சிறிய கப்சாய்களுக்கு அந்த விதி பொருந்தாது. நாட்டில் சாலை விபத்துகளில் உயிரிழப்போரில் 60 விழுக்காட்டுக்கும் அதிகமானவர்கள் மோட்டாரில் போனவர்கள் என்பதை வைத்துப் பார்த்தால், அது பெரிய இடைவெளி.

பின்விளக்கு விஷயம் இன்னும் வேடிக்கை. பந்தய மோட்டாருக்கு முகப்பு விளக்கும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. ஆனால் மழை என்று அறிவித்துவிட்டால் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தே ஆக வேண்டும். தண்ணீர்ச் சாரலுக்குள் பின்னால் வருகிறவருக்கு வேறு எதுவும் தெரியாது. அந்தச் சிவப்பு விளக்கைத்தான் இங்கே சிலர் கறுப்பாக்குகிறார்கள். சட்டத்துக்குப் புறம்பான மாற்றத்துக்கு ஜேபிஜே சம்மன் கொடுக்கும் என்பது தனிக் கதை.

டயர் தேய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கடைக்குப் போக வேண்டாம். டயரின் பக்கவாட்டில் ஒரு சிறு முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு சின்ன ரப்பர் மேடு தெரியும். மேற்பரப்பு தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரை மாற்ற வேண்டியதுதான். நெடுஞ்சாலையில் மோட்டார்களுக்கென்று கட்டிய மழைக் கூடாரத்தில் ஒதுங்கி நிற்கும் ஐந்து நிமிடம் அதற்குப் போதும்.