பாணுக்குள் வைக்க இறைச்சி வத்தல்

இடம்பெயர்ந்து வந்து பிறர் காணியில் கொட்டில் போட்டிருக்கும் எமக்கு இன்று மாட்டுப்பட்டியும் இல்லை, கோழிக்கூடும் இல்லை. பிள்ளையின் பள்ளிக்கூடப் பாணுக்குள் வைக்க சொசேஜசோ ரின் இறைச்சியோ கடையில்தான் வாங்க வேண்டும். குளிர்சாதனப் பெட்டி இல்லாதபடியால் திறந்த ரின்னை அன்றே முடிக்கவும் வேண்டும். நாட்கூலிக்கு இது கட்டுமா?

எமது பெரியவர்கள் இதற்கு வழி வைத்திருந்தார்கள். நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து பங்கு இறைச்சி எடுப்பார்கள். வியாபாரியின் இலாபம் மிச்சம். கறிக்குப் போக மிஞ்சியதை வத்தல் போடுவார்கள். அதை நாமும் செய்யலாம்.

கச்சான் காற்று வீசும் வெயில் காலமே இதற்கு ஏற்றது. அன்று காலையில் வெட்டிய ஆட்டிறைச்சி அல்லது மாட்டிறைச்சியை எடுங்கள். கொழுப்பை முழுதாக அகற்றுங்கள். அது இருந்தால் வத்தல் காறிப்போகும். தசை ஓடும் வாக்கில், ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் நீளமாக அரியுங்கள். 1 லீற்றர் தண்ணீரில் 150 கிராம் உப்புக் கரைத்து, துண்டுகளை 5 நிமிடம் அமிழ்த்தி எடுங்கள். ஒன்றோடொன்று முட்டாமல் கொடியில் தொங்கவிட்டு, இலையான் மொய்க்காமல் நுளம்பு வலையால் மூடுங்கள். பொழுதுபடும்போது உள்ளே எடுத்து, காலையில் மீண்டும் கட்டுங்கள்.

நல்ல வெயிலில் 4 அல்லது 5 நாளில் காய்ந்துவிடும். 1 கிலோ இறைச்சி 300 முதல் 400 கிராம் வரை வத்தலாகும். குறைவது தண்ணீர்தான், புரதச் சத்து அப்படியே இருக்கும்.

துண்டை முறித்துப் பாருங்கள். உள்ளே மெதுமையாக இருந்தால் இன்னும் காயவேண்டும். காய்ந்ததை ஈரமில்லாத போத்தலில் இறுக மூடி வையுங்கள். பூஞ்சணம் பிடித்தாலோ கெட்ட மணம் வந்தாலோ, காசைப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். வயிற்றோட்டம் வந்தால் மருந்துச் செலவும், கூலி இழப்பும் அதைவிடப் பெரிது.

வத்தலை ஒருபோதும் பச்சையாகத் தின்னக் கொடுக்கவேண்டாம். சுடுநீரில் ஊறவைத்து, உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு, புதுத் தண்ணீரில் மெதுமையாகும்வரை அவியுங்கள். பின் உரலில் இடித்து உதிர்த்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் சேர்த்து வறட்டி, இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விடுங்கள். பாணுக்குள்ளும் வைக்கலாம், ரொட்டிக்கும் தொட்டுக்கொள்ளலாம். சமைத்ததை அன்றே முடித்துவிடுங்கள்.

அப்பம் பகிர்ந்தபின் மீதித் துண்டுகளைச் சேர்த்துவைக்கச் சொன்னவர் எமது ஆண்டவர். அடுத்த பங்கு இறைச்சிக்குப் பக்கத்துக் கொட்டிலாரையும் கூப்பிடுவோம். வலையும் கொடியும் ஒன்றே போதும்.