காந்தத்தையே படியெடுக்கலாம்

மேடையில் பாடகி டெபி ஹாரி உட்கார்ந்திருக்க, ஓவியர் ஆண்டி வார்ஹோல் மவுஸைப் பிடித்து அவர் முகத்துக்குத் திரையில் வண்ணம் தீட்டினார். 1985-இல் நியூயார்க்கில் அமிகா கணினி அறிமுகமான விழா அது. அமிகாவில் அவர் வரைந்த வேறு படங்கள் ஃப்ளாப்பிகளோடு பிட்ஸ்பர்க் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகக் கணினி மன்றத்தினர் அவற்றை மீட்ட செய்தி 2014-இல்தான் வெளிவந்தது.

அமிகா ஃப்ளாப்பியை இன்றைய யூஎஸ்பி ஃப்ளாப்பி டிரைவில் போட்டால், ஃபார்மேட் செய்யச் சொல்லும் கணினி. சரி என்று அழுத்தினால் உள்ளதும் போகும். வட்டில் கோளாறே இருக்காது. அமிகா எழுதும் முறை அந்த டிரைவுக்குப் புரியாது, அவ்வளவுதான்.

அதனால் முதலில் எடுக்க வேண்டியது காந்தப் பதிவின் பிரதி; கோப்புகள் பிறகு. ஃப்ளாப்பியின் பரப்பில் காந்தத் திசை மாறிக்கொண்டே போகிறது. ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியில்தான் தகவல் இருக்கிறது. அந்த இடைவெளிகளை அப்படியே அளந்து வைப்பதுதான் ஃப்ளக்ஸ் பிரதி. எழுதிய கணினி எதுவென்று தெரியாவிட்டாலும் இதை எடுத்துவிடலாம். பொருள் பிரிப்பதை ஆற அமரச் செய்யலாம்.

இதற்குப் பழைய மேசைக் கணினியிலிருந்து கழற்றிய 3.5 அங்குல டிரைவும், கீர் ஃப்ரேசர் வடிவமைத்த கிரீஸ்வீசில் என்ற சிறு மின்சுற்றுப் பலகையும் போதும். யூஎஸ்பி டிரைவ் உதவாது. அது தனக்குப் புரிந்ததை மட்டுமே தரும்.

டிரைவில் போடுமுன் ஃப்ளாப்பியின் மூலையில் உள்ள சிறு தாழ்ப்பாளை நகர்த்தி, துளை தெரியும்படி வைக்க வேண்டும். அப்போது டிரைவால் அதில் எழுத முடியாது. அடுத்து உலோக மூடியை விலக்கி, நடுச்சக்கரத்தை விரலால் மெல்லச் சுழற்றிப் பார்க்க வேண்டும். வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால் அநேகமாகப் பூஞ்சை. அப்படியே உள்ளே தள்ளினால் டிரைவின் தலை அழுக்காகி, அடுத்து வரும் நல்ல வட்டையும் கீறிவிடும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். அவசரம் கூடவே கூடாது.

வட்டு நிமிடத்துக்கு 300 முறை சுற்றுகிறது. ஒவ்வொரு தடத்தையும் இரண்டு மூன்று சுற்றுக்குப் பதிவு செய்தால், ஒரு சுற்றில் நழுவியது இன்னொன்றில் சிக்கும். 1.44 எம்பி வட்டின் ஃப்ளக்ஸ் கோப்பு பல பத்து எம்பி வரும். இடத்தை அடைக்கிறதே என்று அதை அழித்துவிடக் கூடாது. மேலே ஒட்டிய சீட்டையும் படமெடுத்து அதோடு சேர்த்து வைப்பது நல்லது.

வார்ஹோலின் கோப்புகளோ யாருக்கும் தெரியாத வடிவத்தில் இருந்தன. வட்டுகளைப் படியெடுத்த பிறகே மன்றத்தினர் அந்த முடிச்சை அவிழ்த்தார்கள். வெளியே வந்த படங்களில் ஒன்று, போட்டிசெல்லியின் வீனஸ், நெற்றியில் மூன்றாவது கண்ணோடு.